பாட்டன் பெயரும் பரமன் பெயரும்

ஒரு குடியில் ஆண்மகவு பிறந்துழிப் பெற்றோரும் சுற்றத்தாரும் முதற்கண் ஆராய்வது அம்மகவிற்கு இடுதற்குரிய திருப்பெயரையேயாம். அவ்வாராய்ச்சி பெரும்பாலும் இரண்டு பெயர்களுள் ஒன்றைத் துணிதலாகவே முடிகின்றது. ஒன்று, தந்தையைப் பெற்ற பாட்டனார் பெயர். மற்றொன்று, மகப்பேறு வேண்டி வழிபட்ட தலத்து இறைவன் பெயர். முன்னதை வேண்டுவோர், குடிப்பெயர் தம் காலத்தே அற்றுப்போதல் ஆகாதென்பர். பின்னதை வேண்டுவோர், இறைவன் தந்த மகவிற்கு இறைவன் பெயரை இடாமை நன்றி மறத்தலாம் என்பர். இருதிறத்தார் கூற்றும் மரபின்பாற்பட்டனவே. பாட்டன் பெயரை விலக்கின் இல்லத்து முதியோர் உள்ளம் நோகும். இறைவன் பெயரை விலக்கின் நேர்ந்துகொண்ட தாயின் உள்ளம் அமைதியுறாது. ஆகலின் இதனைச் சிறுபொருள் என்று தள்ளுதல் அமையாது.

இவ்விரண்டனுள் வலியுடையது யாது என்பதனை வாதத்தால் துணிதலினும் வரலாற்றால் துணிதல் நன்று. தமிழ்நாட்டுச் சைவ வரலாற்றில் இவ்வினாவிற்கு விடை பகரும் ஊர் ஒன்று உண்டு. அது பெண்ணையாற்றங்கரைத் திருவெண்ணெய்நல்லூர். அவ்வூரோடு தொடர்புற்ற பிள்ளைகள் இருவர் பெற்ற பெயர்களை ஆராயின், பாட்டன் பெயரும் பரமன் பெயரும் தம்முள் மாறுகொள்வன அல்ல என்பதும், மாறுகொள்வனபோலத் தோன்றுமிடத்துக் கொள்ளத்தக்கது இன்னதென்பதும் இனிது விளங்கும். அதற்கு முன்னர் இருவகைப் பெயர்களின் பழமையும் ஒருவாறு அறியற்பாலது.

பாட்டன் பெயரை மகவிற்கு இடுதல் தமிழர்க்கு மிகத் தொன்மையான வழக்கு என்பதற்குச் சொல்லே சான்று. பேரன் என இக்காலத்து வழங்குஞ் சொல் பெயரன் என்பதன் மரூஉவாம். பெயரன் என்பது பெயரை உடையான், அஃதாவது பாட்டன் பெயரைத் தாங்கியவன் எனப் பொருள்படும். பேர்த்தி, பேத்தி என்பனவும் அவ்வாறு வந்தனவே. கலித்தொகையின் மருதப் பகுதியில் புதல்வன் பாட்டன் பெயர் பூண்டவனாகப் பேசப்படுதலை அந்நூல் பயின்றோர் அறிவர். யாழ்ப்பாணத்து வழக்கிலோ பாட்டனையே பேரன் என்பர். மகன் மகனைப் பேரப்பிள்ளை என்பர். பெயரைத் தந்தானும் பெற்றானும் ஒரு சொல்லாற் கூறப்படுமளவிற்கு இம்மரபு தமிழர் வாழ்வில் வேரூன்றியதென்க. உறவுமுறையைப் பிறப்பாற் சுட்டாது பெயராற் சுட்டிய சொல் இது.

வடநூல் வழக்கிலும் இருதிறக் கொள்கையும் உண்டு. குழந்தை பிறந்த பத்தாம் நாளிலாதல் பன்னிரண்டாம் நாளிலாதல் நாமகரணம் செய்க என்றும், ஆண்மகவின் பெயர் இரண்டு அல்லது நான்கு எழுத்தசைகளால் அமைக என்றும் கிருகிய நூல்கள் விதிக்கும். மகாபாடியம் செய்த பதஞ்சலியார், வேள்வி நூலார் மதத்தை எடுத்துக்காட்டுமிடத்து, அப்பெயர் தந்தையின் முன்னோர் மூவர் வழியைத் தழுவியதாதல் வேண்டும் என்ற விதியையும் கூறினர். மானவ கிருகிய சூத்திரமோ தெய்வத்தின் தொடர்பாலும் நாண்மீனின் தொடர்பாலும் பெயரமைக்க இசைந்து, தெய்வத்தின் பெயரையே நேராக இடுதலை விலக்கிற்று. அன்றியும், உபநயனம் வரையில் தாய்தந்தையர் மாத்திரமே அறிதற்குரிய மறைபெயரொன்றும் சில நூல்களில் விதிக்கப்பட்டது. எனவே, ஒருமகவிற்கு இருபெயர் வேண்டுமென்ற எண்ணமும், அவற்றுள் முன்னோர்க்கும் தெய்வத்திற்கும் உரிய இடம் எவையென்ற ஆராய்ச்சியும் பண்டே தோன்றியவாம்.

அரசர் குடிகளில் பாட்டன் பெயர் வழங்கியமை சாசனங்களாற் புலனாம். திருநாவுக்கரசு சுவாமிகளோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் முதல் மகேந்திரவர்மனின் பெயரனே, கி. பி. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட இரண்டாம் மகேந்திரவர்மன். சோழருள் முதற் பராந்தகன் பெயரைச் சுந்தர சோழனாகிய இரண்டாம் பராந்தகன் பெற்றான். இவன் அவன் மகன் அரிஞ்சயனுக்கு மகன். வேங்கிநாட்டுச் சாளுக்கியர் குடியிலோ வேறொரு நிலை காணப்படும். விமலாதித்தன், முதல் இராசராசன் மகள் குந்தவையை மணந்து பெற்ற மகனுக்கு இராசராசன் என்ற தாய்ப்பாட்டன் பெயர் இடப்பட்டது. அவ்விராசராச நரேந்திரன், முதல் இராசேந்திரன் மகள் அம்மங்கையை மணந்து பெற்ற மகனுக்கு மீட்டும் தாய்ப்பாட்டன் பெயராகிய இராசேந்திரன் என்பதே இடப்பட்டது. தந்தைவழிப் பாட்டன் விமலாதித்தன் பெயர் கொள்ளப்படவில்லை. அம்மகனே 1070-இல் சோழநாட்டு அரியணையேறிப் பின்னர்க் குலோத்துங்கன் எனப் புகழ்பெற்றான். அவன் தன் மகனொருவற்கு இராசராசன் எனத் தன் தந்தையின் பெயரையே இட்டனன். இதனால், பாட்டன் பெயரை இடுதல் என்னும் மரபினுள்ளும் எந்தப் பாட்டன் பெயர் என்ற வினா உண்டென்பதும், குடியின் பெருமையும் உரிமையும் நோக்கியே அது துணியப்பட்டதென்பதும் போதரும். பாட்டன் பெயர் உலகியலில் உரிமை காட்டும் முத்திரையாயிற்று.

இல்லறத்தார் வழக்கில் இம்மரபிற்கு இடையூறு ஒன்றும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயாற் சொல்லுதல் மரியாதைக் குறைவு எனக் கருதப்பட்டது. மாமனார் பெயரே மகனுக்கும் இடப்பட்டால், பெற்ற தாய் தன் மகவைப் பெயர் சொல்லி அழைத்தற்கு இயலாதவளாவாள். ஆகவே அவள் ஐயா என்றும், அப்பா என்றும், பெரியவன் என்றும் அழைத்துவந்தாள். அல்லது வேறொரு பெயரை அழைக்கும் பெயராகக் கொண்டாள். அவ்வேறு பெயர் பெரும்பான்மையும் இறைவன் பெயராகவே இருந்தது. ஒரு பெயர் குடிக்கும் மற்றொன்று நாவிற்கும் என இரண்டும் ஒருவாறு பொருந்தி நின்றன. ஆயினும் இஃது இடையூற்றை விலக்கும் உபாயமேயன்றி, வலியுடைய பெயர் யாது என்ற வினாவிற்கு விடையாகாது.

அவ்வினாவிற்குத் தம் செயலால் விடை தந்தவருள் முதற்கண் வைத்து எண்ணற்பாலார் அப்பூதியடிகள் நாயனார். திங்களூர் அந்தணராகிய இவர் திருநாவுக்கரசு சுவாமிகளை நேரிற் கண்டிலர். அவர்தம் பெருமையைக் கேட்ட அளவானே பேரன்பு பூண்டவர். தம் புதல்வர்க்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு எனப் பெயரிட்டனர். தண்ணீர்ப்பந்தர், கிணறு, குளம் முதலிய அறங்கட்கும் அப்பெயரே இட்டனர். ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது ஒன்று உண்டு. பெயரின் பயன் ஒருவரை மற்றொருவரினின்றும் பிரித்தறிதல் என்பது உலகியல். மக்கள் இருவர்க்கும் ஒரே பெயரை இட்டு, மூத்த இளைய என்ற அடையால் மாத்திரம் வேறுபடுத்தியவழி, அடிகள் பெயரைப் பிரித்தறியும் கருவியாகக் கொள்ளாது நாள்தோறும் நாவாற் சொல்லிப் பயன்பெறும் பொருளாகக் கொண்டனர் என்பது தெளிவு. வேதியர் குடிக்கு உரிய முன்னோர் பெயர் ஒன்றும் அவர் கருத்திற் புகவில்லை.

திங்களூர் வழியே எழுந்தருளிய நாவரசர் தண்ணீர்ப்பந்தரில் தம் பெயர் எழுதப்பட்டிருத்தலைக் கண்டு வியந்து, அப்பூதியாரை அடைந்து, செய்த அறத்திற்குத் தம் பெயரை எழுதாது வேறொரு பெயரை எழுதிய காரணம் யாது என வினவியதாகச் சேக்கிழார் கூறுவர். குடும்பங்கள்தோறும் நிகழும் பெயராராய்ச்சியின் உள்ளீடான வினாவும் இதுவே: நும் பெயர் இருக்கப் பிறிதொரு பெயர் எதற்கு? அவ்வினாவிற்கு விடை சொல்லால் முடிந்திலது. திருவமுதிற்கு வாழையிலை அரியச் சென்ற மூத்த மகன் பாம்பு தீண்டி இறந்தனன். அடியார் அமுது செய்தற்கு இடையூறாகுமென்று பெற்றோர் அவனுடலை மறைத்து வைத்தனர். நாவரசர், திருநீறு அளித்தற்பொருட்டு மூத்த மகனை அழைக்க என்றனர். அவன் இப்பொழுது உதவான் என்றனர் தந்தையார். நிகழ்ந்ததை உணர்ந்த சுவாமிகள் அவனுடலைத் திருக்கோயில் முன்னர்க் கொணர்வித்துப் பதிகம் பாட, அவன் உறங்கி எழுந்தான்போல எழுந்தனன். தம் பெயர் பூண்ட மகனைத் தாமே உயிர்ப்பித்தனர் என்க. அடியார் பெயரை இட்டமையால் குடி அறும் என்று அஞ்சுவார்க்கு இவ்வரலாறு மறுமொழியாம். அறவிருந்த குடியே அப்பெயருடையாரால் நிலைத்தது.

அற்றேல், முன்னோர் பெயரை முற்றும் விலக்கி இறைவன் பெயரையும் அடியார் பெயரையுமே கொள்க என்பது சைவர் துணிபோ எனின், அற்றன்று. அவ்வாறாயின் நம்பியாரூரர் வரலாறு வேறாக இருத்தல் வேண்டும்.

சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஆரூரன் என்பது. திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் பிறந்த பிள்ளைக்குத் திருவாரூர்ப் பெருமான் பெயர் வாய்த்தது. இதனை நோக்குவார் இஃது இறைவன் பெயர் என்றே கொள்வர். ஆயின் தடுத்தாட்கொண்ட புராணம் வேறொரு செய்தியும் தருகின்றது. புத்தூரில் திருமணம் நிகழவிருந்த பந்தரில் முதிய அந்தணர் ஒருவர் வந்து, இம்மணமகன் தமக்கு அடிமை என்று வழக்குரைத்தனர். அதற்கு அவர் காட்டிய ஆவணம் மணமகனின் தந்தைக்குத் தந்தை எழுதிக்கொடுத்த அடிமையோலை. அவ்வோலையில் எழுதினார் பெயர் ஆரூரன் என்றே காணப்பட்டது. பாட்டனார் ஆரூரர், பெயரரும் ஆரூரர். எனவே சடையனார் தம் மகனுக்கு இட்ட பெயர் தம் தந்தையின் பெயருமாம், ஆரூர் இறைவன் பெயருமாம். பாட்டன் பெயரோ பரமன் பெயரோ என்ற வினா அவ்வில்லத்தில் எழுதற்கு இடமில்லை. முன்னோர் ஒருவர் முன்னரே இறைவன் பெயரைப் பூண்டிருந்தமையால் இரண்டும் ஒன்றாய் நின்றன.

அவ்வொருமையின் பயன் யாதென்பதும் அப்புராணத்தே விளங்கும். படியோலையைச் சுந்தரர் சினந்து கிழித்தெறிந்தனர். மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வைக்கப்பட்டது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றனுள் ஒன்றால் வழக்குத் தெளியப்படும் என்ற முறைப்படி, அவையத்தார் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வருவித்து ஒப்புநோக்கினர், இரண்டும் ஒத்திருந்தன. தாமும் தம் மரபில் வருவாரும் வழித்தொண்டு செய்வதாகப் பாட்டனார் எழுதியிருந்தமையால், பெயரர் தப்புதற்கு வழியில்லையாயிற்று. பாட்டன் பெயரைத் தாங்கினான் பாட்டன் கடனையும் தாங்கினான். அரசர் குடியில் பாட்டன் பெயர் நாட்டுரிமையைத் தந்தது. ஈண்டோ ஆட்பட்ட உரிமையைத் தந்தது. குடிப்பெயரின் உயர்ந்த பயன் இதுவேயாம். முன்னோன் ஒருவன் இறைவனுக்கு ஆட்பட்டவழி, அவ்வாட்படுதல் பெயரோடு சேர்ந்து பின்னோரைத் தொடரும்.

அவ்வூரிலேயே சுந்தரர்க்கு மற்றொரு பெயரும் கிடைத்தது. வழக்கில் வென்ற முதியவர் திருவருட்டுறையுட் புக்கு மறைந்து, இடபவாகனத்திற் காட்சி தந்து, வன்மொழி பேசி வாதித்தமையின் வன்றொண்டன் என்னும் பெயர் பெற்றனை என்று அருளினர். சுந்தரர் சினத்தாற் கூறிய பித்தன் என்னுஞ் சொல்லையே இறைவர் தமக்குப் பெயராக ஏற்றுப் பாடுக என்றனர். பெற்றோரிட்ட பெயர் ஒன்று, இறைவரிட்ட பெயர் ஒன்று என இரண்டு பெற்றும், சுந்தரர் பின்னையதனால் முன்னையதை விலக்கினாரல்லர். திருத்தொண்டத்தொகையின் பாட்டுத்தோறும் ஈற்றில் தம்மை ஆரூரன் என்றே கூறி, ஆரூர்ப் பெருமானுக்கு ஆளெனப் பணிந்தனர். அப்பதிகத்தின் இறுதியில் தந்தையார் சடையனாரையும் தாயார் இசைஞானியாரையும் நினைந்தனர். இருமுதுகுரவர் இட்ட பெயர் அடிமையின் பெயராகவே அமைந்தமையின், அதனைக் கைவிடவேண்டிய தேவை அவர்க்கு உண்டாகவில்லை.

இனி, அவ்வூரில் வளர்ந்த மற்றொரு பிள்ளையின் வரலாறு ஆராயப்படும். கி. பி. 13-ஆம் நூற்றாண்டில் விளங்கிய மெய்கண்ட தேவரின் தந்தையார் திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர். மகப்பேறின்றி வருந்திய இவர், தம் குலகுருவாகிய துறையூர்ச் சகலாகம பண்டிதரை அடைந்தனர். அவர் தேவாரத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்க்க, திருஞானசம்பந்த சுவாமிகளின் திருவெண்காட்டுப் பதிகத்திலே, அத்தலத்து முக்குளநீர் தோய்வார் மகப்பேறு முதலியவற்றை எய்துவர் என்னும் கருத்துடைய திருப்பாட்டுக் கிடைத்தது. களப்பாளர் மனைவியாரோடு வெண்காடு சென்று முக்குளத்தில் நீராடி வழிபட்டிருந்தனர். இப்பிறவியில் நினக்கு மகப்பேறில்லை என்று இறைவர் கனவிற் கூறவும், சம்பந்தப் பிள்ளையார் திருவாக்கை நம்பி வந்தேன் என்று விடை கூறி அவர் உறுதியோடிருந்தனர் என்பர். அவ்வுறுதியின் பயனாகப் பிறந்த மகவிற்குச் சுவேதவனப்பெருமாள் எனப் பெயரிட்டனர். சுவேதவனம் என்பது வெண்காடு. தந்தருளிய தலத்து இறைவன் பெயரே அது.

ஈண்டுத் தந்தையார் பெயரை நோக்குக. அச்சுதன் என்பது திருமால் பெயர். களப்பாளர் என்னுங் குடியினர் களப்பிரர் வழியினர் என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். பாலிமொழியில் நூல் செய்த புத்ததத்தர் என்னும் பௌத்த ஆசிரியர், தம் காலத்துச் சோழநாட்டை ஆண்டானாக அச்சுத விக்கந்தன் என்பானை அக்குலத்தவனாகக் குறித்தனர். அக்கருத்து ஏற்புடைத்தாயின், அச்சுதன் என்பது அக்குடியில் அரசு வீற்றிருந்தாரது பழம்பெயராம். பழங்குடிப் பெருமை காட்டும் பெயர்கள் கைக்கண் இருக்கவும், களப்பாளர் தாம் பெற்ற ஒரே மகனுக்கு வெண்காட்டிறைவன் பெயரையே இட்டனர். குடிப்பெயர் சிவன் பெயராகாதவிடத்துச் செய்யத்தக்கது யாது என்பதற்கு இச்செயல் விடையாம். தந்தவன் பெயர் முற்படும்.

அம்மகவைத் தாயோடுடன் பிறந்த அம்மானாகிய காங்கேய பூபதியார் திருவெண்ணெய்நல்லூருக்குக் கொண்டுசென்று வளர்த்தனர். நம்பியாரூரரைத் திருமுனைப்பாடி மன்னர் நரசிங்க முனையரையர் மகன்மை கொண்டு வளர்த்ததும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பிள்ளைகள் இருவரும் பிறந்த இல்லத்தின் வேறாய இல்லத்தில் வளர்ந்தும், பெற்றோரிட்ட பெயர் மாறவில்லை. வளர்த்தார் தத்தம் குடிப்பெயரை அவர்மீது ஏற்றவில்லை. இறைவன் பெயர் பூண்ட பிள்ளையை எவர் வளர்ப்பினும் அப்பெயர் அவர்க்கும் உரியதேயாம். மாற்றுதற்குக் காரணம் இல்லை.

மகவிற்கு மூன்றாண்டு நிகழுங்காலத்து, வான்வழிச் சென்ற பரஞ்சோதி முனிவர் அப்பிள்ளையின் பக்குவம் உணர்ந்து இறங்கிவந்து ஞானோபதேசம் செய்து, மெய்கண்டார் எனத் தீட்சைப்பெயர் அளித்தனர் என்பது சந்தான வரலாறு. அப்பெயர் எங்கிருந்து வந்தது? திருக்கயிலாய பரம்பரையில் நந்திபெருமானுக்கு மாணாக்கர் சனற்குமாரர்; அவர்க்குச் சத்தியஞான தரிசினிகள்; அவர்க்குப் பரஞ்சோதியார்; அவர்க்கு மெய்கண்டார். சத்தியஞான தரிசினி என்பது மெய்யாகிய ஞானத்தைக் கண்டவர் எனப் பொருள்படும். அதனைத் தமிழிற் பெயர்த்தால் மெய்கண்டார் என்றாம். பரஞ்சோதியார் தம் குருவின் பெயரையே தமிழாக்கித் தம் மாணாக்கர்க்கு இட்டனர் என்று பெரியோர் கூறுவர்.

இம்மரபின் உட்பொருள் பெரிது. ஆசிரியர் தந்தையாவர், ஆசிரியர்க்கு ஆசிரியர் பாட்டனாவர். தந்தைக்குத் தந்தையின் பெயரை மகவிற்கு இடுதல் தமிழ்க் குடிவழக்கு. பரஞ்சோதியார் செய்ததும் அதுவே. மெய்கண்டார் குருமரபிற் பெயரர் ஆயினர். ஆகவே பாட்டன் பெயரிடும் வழக்கு உலகியலளவில் நின்றொழியாது ஞானமரபினும் புகுந்து சிறந்தது என்க. நம்பியாரூரர் குடிப்பாட்டன் பெயரால் ஆட்பட்டார். மெய்கண்டார் ஞானப்பாட்டன் பெயரால் ஆசிரியர் ஆயினார். சிவஞானபோதச் சிறப்புப்பாயிரமோ சுவேதவனன் என்னும் பிள்ளைப்பெயரையும் மெய்கண்ட தேவன் என்னும் ஞானப்பெயரையும் ஒருங்கே வைத்துக் கூறுகின்றது. பன்னிரண்டு சூத்திரத்தால் முப்பொருளுண்மை நிறுவிய ஆசிரியரைப் போற்றுமிடத்தும் வெண்காட்டிறைவன் தந்த பிள்ளை என்ற செய்தி மறைக்கப்படவில்லை. பின்னர்ச் சகலாகம பண்டிதர் தம் குலமாணாக்கர் மகனாகிய அச்சிறு பிள்ளைக்கே மாணாக்கராகி, அருணந்தி என்னும் பெயர் பெற்றார். அதனுள் அப்பரம்பரையின் தலைவராகிய நந்தியின் பெயர் விளங்குதல் காண்க.

ஆகம நெறியிலும் பெற்றோரிட்ட பெயரும் தீட்சைப்பெயரும் வேறுவேறாகக் கொள்ளப்பட்டன. மாணாக்கன் கண்ணைக் கட்டி மண்டலத்தில் மலரிடச்செய்து, ஈசானம் முதலிய ஐந்து திருமுகங்களுள் அம்மலர் வீழ்ந்த முகத்தின் பெயரால் அவற்குப் பெயரிடுதல் பத்ததிகளில் விதிக்கப்பட்டது. ஈசானசிவர், அகோரசிவர் என்றாற்போல வரும் ஆசாரியர் பெயர்கள் அவ்வகையின. அப்பெயரைப் பெற்றோரும் துணிவதில்லை, மாணாக்கனும் துணிவதில்லை, ஆசிரியரும் தம் விருப்பத்தால் துணிவதில்லை. மலர் வீழும் இடத்தைத் திருவருளின் குறிப்பாகக் கொண்டனர். பெயர் துணிதலில் தன்முனைப்பு புகுதலாகாது என்ற கருத்து அவ்விதியிற் பொதிந்துளது.

பிற்காலத்துச் சான்றோர் வரலாற்றிலும் இம்முறையே காணப்படும். சிவஞானபோதத்திற்கு மாபாடியம் அருளி 1785-இல் சிவபரிபூரணம் எய்திய சிவஞான முனிவர்க்கு, விக்கிரமசிங்கபுரத்தில் ஆனந்தக்கூத்தர் மகனாராய்ப் பிறந்தபோது இடப்பட்ட பெயர் முக்களாலிங்கர் என்பது. அது பொருநைக் கரைப் பாபநாசத்து இறைவன் பெயர். தந்தை பெயர் அம்பலவாணன் பெயர். மகன் பெயர் அண்மைத் தலத்து இலிங்கப்பெருமான் பெயர். திருவாவடுதுறையிலே துறவு பெற்றபின் வந்தது சிவஞானர் என்னும் பெயர். யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-இல் தோன்றிய ஆறுமுக நாவலர்க்குத் தந்தையார் பெயர் கந்தர். கந்தர் மகன் ஆறுமுகம் என்றவழிப் பெயர் வேறாயினும் பெயருடைய பொருள் ஒன்றே. நாவலர் என்பதோ 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் அளித்தது. இவ்வாற்றால் ஒரே இறைவனின் பல திருப்பெயர்கள் தலைமுறைதோறும் மாறி மாறி வருதலும் குடிமரபைக் காத்தலேயாம் என்பது பெறப்படும்.

இறைவனுக்கு ஒரு பெயரும் ஓர் உருவும் இல்லையென்றும், உயிர்கள் உய்தற்பொருட்டே அவன் ஆயிரம் பெயர்களை ஏற்றான் என்றும் கூறும் சமயத்தார், மகவிற்கு இடும் பெயரில் இத்துணை ஆராய்ச்சி செய்தல் எதற்கு எனின், கூறுதும். பெயரும் உருவும் இல்லாத பொருள் பெயரின்கண் வந்து அகப்படுதல் அருளினாலாயது. அருளால் வந்த பெயர் நாள்தோறும் தாய்வாயிலும் தந்தைவாயிலும் அயலார்வாயிலும் பயிலுதற்கு மகவின் பெயரே எளிய வாயில். பசித்த பிள்ளையை உண்ண அழைக்கும்போதும், தெருவில் ஆடும் பிள்ளையைக் கடிந்து கூவும்போதும், நினையாதவழியும் அத்திருப்பெயர் நாவில் நிற்கும். அப்பூதியடிகள் கருதிய பயனும் அதுவே.

அற்றேல், உயிரோடிருக்கும் பாட்டனார் தம் பெயர் விளங்குதலை விரும்பி நிற்க, அவர் விருப்பத்தை மாற்றுதல் அறமோ எனின், அவர் பெயர் யாதென முதலில் ஆராய்க. சிவநெறிக் குடிகளிற் பிறந்த முதியோர் பெயர் பெரும்பாலும் ஒரு தலத்து இறைவன் பெயராகவோ, முருகன் பெயராகவோ, அடியார் பெயராகவோ இருக்கும். அங்ஙனமாயின் ஆரூரர் இல்லத்திற்போல இரண்டும் ஒன்றாதலின் வழக்கிற்கே இடமில்லை. பாட்டன் பெயரை இடுதலே இறைவன் பெயரை இடுதலாம். நேர்ந்துகொண்ட தலத்தின் பெயர் வேறாயின், கந்தர்க்கு ஆறுமுகம்போல, இரண்டும் ஒரு பொருளையே குறித்தலை உணர்ந்து, ஒன்றைப் பெயராகவும் மற்றொன்றை அழைக்கும் பெயராகவும் கொள்ளலாம். பாட்டனார் பெயர் இறைவன் தொடர்பில்லாத வெறுங் குடிப்பெயராயின், களப்பாளர் செய்ததே நெறியாம். அவ்வாறு செய்தலால் குடிமரபு அறுவதில்லை. இன்று இறைவன் பெயர் பெற்ற மகவே நாளைப் பாட்டனாவான். அவன் பெயரன் அப்பெயரைப் பெறும்போது, பாட்டன் பெயரும் பரமன் பெயரும் அக்குடியில் ஒன்றாய்விடும். ஆரூரர் குடியிலும் அவ்வொருமை முன்னோர் ஒருவரிடத்தே தொடங்கியதேயாகும்.

ஆகவே பெற்றோர் ஆராய்தற்குரியது, இருவகைப் பெயருள் இனிமையுடையது எது, பெருமையுடையது எது என்பதன்று. எந்தப் பெயர் தம் பின்னோரை ஆட்படுத்தும் ஓலையாக நிற்கும் என்பதேயாம். அதனைச் செய்தபின் அவர் கடன் முடிந்தது. வன்றொண்டர் என்றும் மெய்கண்டார் என்றும் வரும் பெயர்கள் பெற்றோரால் இடப்படுவன அல்ல. அவை இறைவனாலும் ஆசிரியராலும் உரிய காலத்தில் அளிக்கப்படுவன. அப்பெயர்க்குரிய தகுதி மகவிற்கு வாய்த்தற்பொருட்டு முதற்பெயரைத் தூய்மையாக இட்டு வளர்த்தலே பெற்றோர் செய்யத்தக்கது. திருநாவலூரிற் சடையனாரும் திருப்பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளரும் செய்தது அவ்வளவே. எஞ்சியதைத் திருவெண்ணெய்நல்லூரில் திருவருள் செய்தது.

திருச்சிற்றம்பலம்.